சும்மா உறுமுகிற மெஷின்

பெயர் வைப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மண் அள்ளுகிற மஞ்சள் மெஷின் எந்தக் கம்பெனியில் செய்ததாக இருந்தாலும் நமக்கு அது ‘ஜேசிபி’. செயின் மாட்டிய பெரிய மெஷின் என்றால் ‘பொக்லைன்’, இல்லாவிட்டால் ‘ஹிட்டாச்சி’. முதலாவது, ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரரின் இனிஷியல். அவர் 1945-ல் ஆரம்பித்த கம்பெனி, 1979-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டாவது பிரெஞ்சு. மூன்றாவது ஜப்பான். சிவகங்கைச் சீமையில் பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகூட, ‘பொக்லைன் விட்டு ஊருணியத் தூர் வாரிட்டாக’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்.

பெயரை இப்படிச் சொந்தம் கொண்டாடுகிற நாம், அது விடுகிற புகையைப் பற்றி மட்டும் யோசிப்பதே இல்லை. பஸ் புகை விட்டால் திட்டுகிறோம். லாரி புகை விட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஜேசிபி கரும்புகை விட்டால் மட்டும், ‘வேலை மும்முரமா நடக்குது’ என்று சந்தோஷப்படுகிறோம்!

இந்த வாரம் அந்தப் புகையைப் பற்றித்தான். ‘நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, உங்கள் தெருவில் யாராவது ஒரு பழைய வீட்டை இடிப்பார்கள். அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம்.

காரைக்குடியில் எனக்கு உறவினர்கள் உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய்வருவேன். செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். பர்மா தேக்கில் தூண். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. முட்டையின் வெள்ளைக் கரு கலந்து பூசி மெழுகிய சுண்ணாம்புச் சுவர், நூறு வருஷம் கழித்தும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். பர்மா வியாபாரம் போன பிறகு, பராமரிக்க ஆளும் காசும் இல்லாமல், பல வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிபடுகின்றன. கதவும் தூணும் ஜன்னலும் பழம்பொருள் கடைக்குப் போய்விடும். மிச்சமிருக்கிற சுவருக்குத்தான் ஜேசிபி வரும்.

போன கோடையில் என் உறவினர் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டின் பின்கட்டு இடிபட்டது. இரண்டு நாள் வேலை. வந்த மெஷினுக்கு வயசு பதினைந்துக்குக் குறையாது. மஞ்சள் பெயின்ட் வெளுத்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. சுவரை முட்டும்போதெல்லாம் சைலன்ஸரிலிருந்து கறுப்பாக ஒரு குடம் புகை. அதுகூடப் பரவாயில்லை. இடிபாட்டை அள்ளிப் போக டிராக்டர் வர வேண்டும். ஒரு நடை போய்த் திரும்ப அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் மெஷின் சும்மா நின்றுகொண்டு உறுமிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பது வயசு. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர், என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

‘ஏம்ப்பா, வேலை பாக்கும்போது உறுமுது, சரி. சும்மா நிக்கும்போது எதுக்கு உறுமுது?’

நியாயமான கேள்விதானே? அதைக் கொண்டுபோய் ஆபரேட்டரிடம் கேட்டேன். இருபத்தைந்து வயசுத் தம்பி. தலையில் துண்டு. ஏசி இல்லாத கேபின், கண்ணாடி கழன்று போன ஜன்னல். காற்று திசை மாறினால் புகை நேராக அவர் முகத்துக்குத்தான்.

‘ஆஃப் பண்ணினா திரும்ப செல்ஃப் எடுக்காது சார்’ என்றார். ‘பேட்டரி வீக்கு. காலையில இன்னொரு வண்டிப் பேட்டரியில வயர் கொடுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினோம். ஆஃப் பண்ணினா சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நிக்கணும்.’

‘ஓனர்கிட்ட புது பேட்டரி கேக்கலாமே தம்பி?’

‘அவரு டியூ கட்டிட்டு இருக்காரு சார். பேட்டரின்னா அடுத்த மாசம்னுவாரு.’

‘சும்மா நின்னா டீசல் போகுமே? அது அவருக்கு நஷ்டம்தானே?’

தம்பி சிரித்தார். கேபினுக்குள் ஒரு சின்ன மீட்டரைக் காட்டினார். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டர். ‘இது ஓடினாத்தான சார் வாடகை!’

இரண்டே வரியில் மொத்தப் பொருளாதாரத்தையும் சொல்லிவிட்டார். பழைய மெஷினின் புகை என்றால் இன்ஜின் தேய்ந்ததுதான் காரணம் என்று நினைப்போம். அது பாதிதான். மீதிப் பாதி, செத்துப்போன ஒரு பேட்டரி. அதற்கும் மேலே, நாம் வாடகையைக் கணக்குப் பண்ணுகிற விதம்.

கணக்கைப் பாருங்கள். இந்த அளவு மெஷின் வேலை செய்யும்போது மணிக்கு நாலைந்து லிட்டர் டீசல் குடிக்கும். சும்மா நின்றால் ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் மூன்று மணி நேரம் சும்மா நின்றால் நாலரை லிட்டர். சுமார் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 10,000 ரூபாய். ஒரு மாத வீண் டீசல் காசில் புது பேட்டரியே ஏறக்குறைய வந்துவிடும்! ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். அந்த நாலரை லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோ. ஒரு கல்லும் நகராமல், ஒரு பிடி மண்ணும் அள்ளாமல்.

ஆனால் ஓனர் ஏன் பேட்டரி வாங்கவில்லை? மெஷின் சும்மா நிற்கிற மணிக்கும் வாடகை ஓடுகிறது. ஒன்றரை லிட்டர் டீசலைவிட ஒரு மணி நேர வாடகை பல மடங்கு. ஆஃப் பண்ணினால்தான் அவருக்கு நஷ்டம். அந்த வீண் புகைக்குக் காசு கொடுப்பவர் வீட்டுக்காரர். அதை மூக்கால் வாங்கிக்கொள்பவர்கள் ஆபரேட்டரும் எதிர்வீட்டு ஆச்சியும்.

‘புகைதானே, நம்ம பாட்டிகள் விறகடுப்பு ஊதாத புகையா?’ என்று நீங்கள் கேட்கலாம். விறகடுப்புப் புகையும் நல்லதல்ல. டீசல் புகையில் இன்னொரு விவகாரம் உண்டு. அதில் வருகிற கரித்துகள்களில் பெரும்பாலானவை, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறைவிடச் சின்னவை. மூக்கு முடியும் சளியும் அவற்றைத் தடுக்காது. நேராக நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். போகும்போது, எரியாத எண்ணெயின் விஷங்களையும் முதுகில் சுமந்துகொண்டு போகும்.

அமெரிக்காவில் எட்டுச் சுரங்கங்களில் வேலை பார்த்த 12,315 பேரைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். டீசல் புகையை அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் கணிசமாகக் கூடியிருந்தது. அந்த ஆய்வு 2012 மார்ச்சில் வெளியானது. அதே வருஷம் ஜூன் மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டீசல் புகையை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம்’ என்கிற முதல் பட்டியலில் சேர்த்தது. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பட்டியல். எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த ஆச்சிக்கு ஓர் அளவு. பத்து வருஷம் கண்ணாடி இல்லாத கேபினில் உட்காரப்போகிற தம்பிக்கு வேறு அளவு.

‘சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா?’ செய்திருக்கிறது. நன்றாகவே செய்திருக்கிறது. டயரில் ஓடுகிற கட்டுமான மெஷின்களுக்கு 2007 முதல் படிப்படியாகப் புகை விதிகள் வந்தன. 2011 விதிப்படி, நடுத்தர இன்ஜின் ஒன்று ஒரு யூனிட் வேலைக்கு (கரண்டில் ஒரு யூனிட் என்கிறோமே, அதே அளவுதான்) 0.4 கிராம் வரை கரித்துகள் விடலாம். 2021 ஏப்ரலில் வந்த அடுத்த விதி அதை அடியோடு குறைத்தது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிற விதியில் அளவு 0.015 கிராம். கிட்டத்தட்ட இருபத்தேழில் ஒரு பங்கு! இன்றைக்கு ஷோரூமிலிருந்து வருகிற மெஷினின் சைலன்ஸரில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தால் அழுக்காவது கஷ்டம்.

ஆனால் ஒரு சிக்கல். இந்த விதிகளெல்லாம் புதிதாக விற்கிற மெஷினுக்கு. ஏற்கெனவே விற்ற மெஷினுக்கு, அது பிறந்த வருஷத்து விதிதான் ஆயுசு முழுக்க. டீசல் இன்ஜின் லேசில் சாகாது. பார்த்துப் பார்த்து ரிப்பேர் செய்தால் இருபது வருஷம் ஓடும். பெரிய நகரத்தில் மெட்ரோ வேலை, மேம்பால வேலை என்று ஆரம்பிக்கிற மெஷின், கொஞ்சம் வயசானதும் கை மாறிச் சின்ன ஊருக்கு வரும். அப்புறம் கிராமத்துக் கிராவல் குவாரிக்கு. நகரத்தார் வீட்டுத் தூண் பழம்பொருள் கடை வழியாகச் சென்னைக்குப் போகிறது என்றால், சென்னையின் பழைய மெஷின் அதே ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறது!

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனி ரோடு, பாதாளச் சாக்கடை, அடுக்குமாடி என்று தோண்டுகிற வேலைக்குக் குறைச்சல் இருக்காது. தோண்டப்போவது பெரும்பாலும் பழைய மெஷின்கள்தான்.

பழசையெல்லாம் உடைத்துப் போடு என்று சொல்வது சுலபம். வட்டிக்குக் கடன் வாங்கி ஒரே ஒரு மெஷினை வைத்துக் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு நீங்கள் பத்திரமாகத் திரும்பி வந்தால், அவர் நல்ல மனுஷர் என்று அர்த்தம்.

பழைய இன்ஜினுக்குப் புது மூக்கு வைக்க முடியும். பீங்கானில் செய்த தேன்கூடு மாதிரி ஒரு ஃபில்டர் உண்டு. அதன் குழாய்கள் ஒன்று விட்டு ஒன்று அடைத்திருக்கும். புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே போக வேண்டும். கரி உள்ளேயே தங்கிவிடும். இன்ஜின் கடுமையாக வேலை செய்து புகை நல்ல சூடாக வரும்போது, தங்கிய கரி தானே எரிந்து தீர்ந்துவிடும். முன்பு இதை நம் ஊரில் மாட்ட முடியாது என்பதற்கு ஒரு காரணம், டீசலில் இருந்த கந்தகம். அது ஃபில்டரையும் அதிலுள்ள ரசாயனப் பூச்சையும் கெடுத்துவிடும். ஒரு காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்கு இருந்த கந்தகம், பிறகு 50 ஆனது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 பங்குதான். காரைக்குடி பங்கிலும் அதே சுத்தமான டீசல். அந்தச் சாக்கு போய்விட்டது.

வெளிநாட்டில் இதை எப்போதோ ஆரம்பித்துவிட்டார்கள். மலையைக் குடைந்து சுரங்கம் தோண்டுவதில் கெட்டிக்காரர்களான சுவிட்சர்லாந்துக்காரர்கள், சுரங்கத்துக்குள் மூச்சு முட்டியதும் ஃபில்டர் மாட்டக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதைக் கட்டட வேலைக்கும் கட்டாயமாக்கினார்கள். நியூயார்க் நகராட்சி 2003-ல் ஒரு சட்டம் போட்டது. நகராட்சி வேலைக்கு வருகிற மெஷின், சுத்தமான டீசலும் புகை குறைக்கும் கருவியும் இல்லாமல் வரக் கூடாது. லண்டன் 2015-ல் கட்டுமான மெஷின்களுக்கென்றே தனிப் புகை மண்டலம் வகுத்தது. கலிஃபோர்னியாவின் 2007 விதி, ஆச்சியின் கேள்விக்கு நேரடிப் பதில். வேலை இல்லாமல் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இன்ஜின் ஓடக் கூடாது.

நம் நாட்டிலும் நல்ல காரியம் நடக்கிறது. டெல்லிப் பக்கம் பழைய டீசல் ஜெனரேட்டர்களுக்குப் புகை பிடிக்கும் கருவி மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். டெல்லி ஐஐடியில் படித்த இளைஞர்கள் ஆரம்பித்த சக்ர இன்னோவேஷன் என்கிற கம்பெனி, ஜெனரேட்டர் புகையிலிருந்து கரியைப் பிடித்து, அதை மையாக மாற்றிக் காட்டியது. விளக்குக் கரியைப் பிடித்துக் கண்ணுக்கு மை தீட்டியதும், ஓலைச்சுவடியில் கீறிய எழுத்துக்குக் கரி தடவியதும் நம் பழைய வித்தைதானே!

ஃபில்டர் விலை கொஞ்சநஞ்சமல்ல. ஒற்றை மெஷின் ஓனரின் சக்திக்கு மீறியது. அரசு மானியமோ பேங்க் கடனோ இல்லாமல் நடக்காது. அதைவிட முக்கியம், சும்மா நிற்கிற மெஷினில் ஃபில்டர் வேலை செய்யாது. புகை சூடாக வராததால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். எத்தனை லட்சம் செலவழித்தாலும், முதலில் சும்மா உறுமுவதை நிறுத்த வேண்டும். சுற்றிச் சுற்றி மறுபடி பேட்டரிக்கே வந்துவிட்டோம்.

காரைக்குடியில் பேட்டரிக்கு வந்து நிற்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்கு ஒரு ஆராய்ச்சிக்கூடத்தைக் கொண்டுவந்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு ‘செக்ரி’. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே ஆராய்ச்சி செய்கிற விஷயங்களில் முக்கியமானது, பேட்டரி! ஈய பேட்டரி முதல் லித்தியம் அயான் வரை. பேட்டரியிலேயே ஓடுகிற சின்ன ஜேசிபி வெளிநாட்டில் வந்துவிட்டது. அது ஒரு நாள் செக்காலை ரோட்டுக்கும் வரும். அதுவரை, பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊரில், ஒரு சாதாரண பேட்டரி இல்லாத குற்றத்துக்காக மெஷின்கள் நாள் முழுக்கப் புகை விட வேண்டுமா?

உங்களுக்கு நான் ஒரு யோசனை சொல்கிறேன். ஆட்டோவில் ‘வெயிட்டிங் சார்ஜ்’ என்று ஒன்று உண்டல்லவா? கடைக்குப் போய்வரும் வரை ஆட்டோக்காரர் இன்ஜினை ஓடவிட்டா காத்திருக்கிறார்? ஆஃப் பண்ணிவிட்டுப் பேப்பர் படிப்பார். காத்திருந்த நேரத்துக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்வார். ஜேசிபிக்கும் அதையே பேசுங்கள். வேலை செய்கிற மணிக்கு முழு வாடகை. காத்திருக்கிற நேரத்துக்கு, இன்ஜினை ஆஃப் பண்ணினால் மட்டும், பாதி வாடகை. ஓனருக்கு டீசல் மிச்சம். உங்களுக்கு வாடகை மிச்சம். ஆஃப் பண்ணினால்தான் காசு என்றால், பேட்டரி ‘அடுத்த மாசம்’ ஆகாது. மறுநாளே வரும்.

பேசும்போதே மெஷினையும் ஒரு பார்வை பாருங்கள். இதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. புகை கறுப்பாக வந்தால், டீசல் அதிகம், காற்றுக் கம்மி. செட்டிநாட்டுச் செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி டயரில் நாலு தட்டு தட்டி மாட்டுவது நம் வழக்கம். அப்படித் தட்டினால் காகிதம் கிழியும், மண் இன்ஜினுக்குள் போகும். புதுசு மாற்றுவதுதான் சரி. நாசில் தேய்ந்தாலும், பவர் வேண்டும் என்று டீசல் பம்ப்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பி வைத்தாலும் கரும்புகைதான். புகை நீலமாக வந்தால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. இவை எல்லாமே பணத்தையும் சேர்த்து எரிக்கிற வியாதிகள். ஓனரிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்று மட்டும் ஆபரேட்டர்கள் பக்க நியாயம். டர்போ வைத்த இன்ஜினைக் கடுமையான வேலை முடித்த கையோடு டக்கென்று ஆஃப் பண்ணக் கூடாது. மூன்று, நான்கு நிமிஷம் ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். அது சரி. அரை மணி நேரம் ஆறவைக்க அது கேப்பைக்கூழ் அல்ல.

மாநகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் ஒரு வார்த்தை. ஊரில் அதிகம் தோண்டுகிறவர்கள் நீங்கள்தான். நியூயார்க் மாதிரி பெரிதாகச் சட்டமெல்லாம் வேண்டாம். டெண்டரில் இரண்டு வரி போதும். ‘கரும்புகை விடும் மெஷின் வேலைக்கு வரக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் சும்மா ஓடினால் அந்த நேரத்துக்குப் பில் கிடையாது.’ அப்புறம் பாருங்கள், ஊரில் பேட்டரி கடைக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று!

உலகத்தின் புகையை நீங்களும் நானும் நிறுத்திவிட முடியாது. ஆனால் அடுத்த தடவை ஒரு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள்.

‘வண்டி செல்ஃப் எடுக்குமா தம்பி?’